பச்சை அட்டையில் பாதி

கணக்கு டீச்சர் அனுராதாவுக்கு அந்த டேப்லெட்டுகள் மேல் அப்படி ஒரு ஆசை. பேராவூரணிக்குத் தெற்கே ஒரு நடுநிலைப் பள்ளி. மழை பெய்தால் வராந்தாவில் பாடம் நடக்காது. அதற்குப் போய் ஒரு பெட்டி நிறையப் புது டேப்லெட் வரும் என்று யார் கண்டது? வந்தது. ஆனால் கல்வித் துறை தந்த இரவல்தான். "பிள்ளைங்க இதை வெச்சுக் கணக்குப் படிக்கிறாங்களான்னு வந்து பார்ப்போம். இல்லேன்னா வேற ஸ்கூலுக்குக் குடுத்துருவோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள்.

விட்டுவிடுவாளா அனுராதா? முதலில் கையால் தொட்டுப் பார்க்கணும், அப்புறம்தான் திரை என்பது அவள் கட்சி. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் காகிதத்தை மடித்து, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பின்னம் பழகினார்கள். பிறகு அதையே டேப்லெட்டில் விரலால் இழுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அதிகாரி வருகிறார் என்றதும் டீச்சரம்மாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அட்டைகளை நீளமாக நறுக்கிப் பச்சைப் பெயிண்ட் அடித்தாள். "செவ்வகம்னா இதுங்களுக்கு ஏறாது சார், வயல்னு சொன்னாத்தான் ஏறும்" என்று தலைமையாசிரியரிடம் பெருமை வேறு.

அதிகாரி நெடுமாறன் தஞ்சாவூரிலிருந்து வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தார். டேப்லெட் பாடம் ஜோராக நடந்தது. மூன்றில் இரண்டும் ஆறில் நாலும் ஒன்றுதான் என்று சுடர்விழி துண்டுகளை இழுத்துப் பொருத்திக் காட்டினாள். வகுப்பிலேயே அவள் விரல்தான் வேகம். நெடுமாறன் தலையாட்டினார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம் மனுஷன். பச்சை அட்டை ஒன்றை எடுத்து அவளிடமே நீட்டினார்.

"இது ஒரு வயல்னு வெச்சுக்க பாப்பா. ரெண்டு பேருக்குச் சமமாப் பிரி பாப்போம்."

சுடர்விழி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தண்ணி எந்தப் பக்கத்துலேருந்து வருது சார்?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு ஓரத்தைக் காட்டினார். அவள் கையால் அளந்து கத்தரிக்கோலால் வெட்டினாள். ஒரு துண்டு சின்னது, இன்னொன்று பெரியது.

"இதுதான் சமமா?"

"ஆமா சார்." கொஞ்சமும் தயங்கவில்லை.

நெடுமாறன் பேனாவைத் திறந்தார். போச்சு! டேப்லெட் பெட்டி ஜீப்பில் ஏறுவது அனுராதாவின் கண்ணில் தெரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

"இது கொஞ்சம் மந்தம் சார். பக்கத்துல பார்த்துப் பார்த்துத்தான் போடும். வேற புள்ளையக் கூப்பிடுறேன்."

சுடர்விழி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள்.

"இருங்க டீச்சர்" என்றார் நெடுமாறன். "ஏம்மா, இது மட்டும் ஏன் சின்னதா இருக்கு?"

"அது தலைமடை சார். வாய்க்கால்ல தண்ணி வந்தா மொதல்ல அங்கதான் பாயும். கடைமடைக்காரங்களுக்கு மிச்சம் மீதிதான். அதான் அவங்களுக்கு எடம் கூட. பெரியப்பாவும் எங்கப்பாவும் அப்படித்தான் பிரிச்சுக்கிட்டாங்க. ஏழு மா நிலத்துல தலைமடை பெரியப்பாவுக்கு மூணு, கடைமடை எங்களுக்கு நாலு."

"அப்ப உங்க பங்கு?"

"ஏழுல நாலு சார்."

"இது வயலா இல்லாம வெறும் அட்டையா இருந்தா?"

"மடிச்சு நடுவுல வெட்டிருப்பேன்." குரல் இறங்கிப்போயிருந்தது.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார் பிரிச்சாங்க" என்று பின்னாலிருந்து செல்லதுரை கத்தினான். இன்னும் நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

நெடுமாறன் அனுராதாவைப் பார்த்தார். "வயல்னு பச்சை அடிச்சது நீங்க. புள்ள வயலாத்தான் பிரிச்சிருக்கு. பெட்டி இங்கயே இருக்கட்டும்." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அப்பாடா! அனுராதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெல் அடிக்க இன்னும் நேரம் இருந்தது. பெட்டியைத் திறந்து, முதல் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு நேரே சுடர்விழியிடம் போனாள்.

"இந்தாடி, உன்னாலதான் இது நமக்குக் கெடைச்சுது."

சுடர்விழி நிமிராமல் பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். "எழில்மொழிகிட்ட குடுங்க டீச்சர். நான் பக்கத்துல பார்த்துப் போட்டுக்கறேன்."

அனுராதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. யார் பார்க்கிறார்கள் என்றுகூட அவள் யோசிக்கவில்லை. "பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்களேன்னு பயத்துல உளறிட்டேன்டி. உன்னைப் போய் அப்படிச் சொல்லலாமா? தப்பு என்னோடதுதான்."

"பரவால்ல டீச்சர்" என்றாள் சுடர்விழி.

அனுராதா டேப்லெட்டை நீட்டியபடியே நின்றாள். சுடர்விழியின் கை மடியிலிருந்து எழவில்லை.