மூன்றாவது வீதியில் யானை

எங்கள் கோயிலில் யானை கிடையாது. அதனால் சண்டையும் கிடையாது. சின்ன காஞ்சிபுரத்தின் பெரிய கோயில்களை உலகத்துக்கே தெரியும். எங்களுடையது தெருக்கோடியில், முப்பது பேர் நின்றால் நிறைந்துவிடும் சின்னக் கோயில். வடகலையாரும் தென்கலையாரும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள். யானை என்று ஒன்று இருந்தால் அதன் நெற்றியில் யார் நாமத்தைப் போடுவது, நாமத்தின் அடிப்பகுதியான பாதத்தை மூக்கு வரைக்கும் இறக்குவதா வேண்டாமா என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் கோர்ட்டு வரும். யானை இல்லாததால் அறுபது வருஷமாக நிம்மதியாக இருந்தார்கள். அந்த யானையைக் கொண்டுவந்து விட்டவள் நான்தான். நாங்கள் எந்தக் கலை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அதற்கு வேறு வம்பு வரும்.

என் பெயர் ஸ்ரீவல்லி. சென்னையில் எட்டு வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்து, மாடியறையில் உட்கார்ந்து ஒரு வருஷம் தனியாக ஒரு கம்ப்யூட்டர் கேம் எழுதினேன். பெயர் ‘வீதி உலா’. 2009 பங்குனியில் வெளியிட்டேன். பெருமாள் புறப்பாட்டை நான்கு வீதியும் சுற்றி, வெயில் ஏறுவதற்குள் கோயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். குறுக்கே லாரி வரும், மின்கம்பி தொங்கும், பட்டுக்கடை வாசலில் டூரிஸ்ட் பஸ் நகராமல் நிற்கும். முன்னால் ஒரு யானை நடக்கும். விளையாட்டில்கூட யானை வேண்டாம் என்றால் எப்படி? நெற்றியை முழுக்கத் தங்கப் பட்டத்தால் மூடிவிட்டேன். அப்பா சொன்ன யோசனை அது.

அப்பாவை ஊரில் பாச்சா மாமா என்பார்கள். எழுபத்தொரு வயது. தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வைகாசி கருட சேவையன்று எங்கள் பெருமாளுக்குக் குடை பிடிப்பது அவருடைய கைங்கர்யம். நாற்பத்துமூன்று வருஷமாகப் பிடிக்கிறார். அம்மா தவறிய வருஷம்கூடப் பதின்மூன்றாம் நாள் காரியம் முடித்துவிட்டு வந்து பிடித்தார். அதை விட்டால் அவருக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்தக் குடைக்குத்தான் நான் வேட்டு வைத்தேன்.

பெங்களூரில் ஒரு கம்பெனி இணையத்தில் கேம் விற்கும் கடை நடத்தியது. சிடி கிடையாது, டப்பா கிடையாது. பணம் கட்டியவர் இறக்கிக்கொள்ளலாம். யார் வாங்கினார், எந்த கம்ப்யூட்டரில் போட்டார் என்று கடைக்குத் தெரியும். கேமைத் திறந்தால் அது முதலில் கடையைக் கேட்டுவிட்டுத்தான் ஓடும். “காப்பி அடிக்கவே முடியாது மேடம்” என்றான் போனில் பேசிய ஆள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே அவன் பூட்டுக்குள்ளே யாருக்கும் சொல்லாமல் இன்னொரு பூட்டுப் போட்டேன். புறப்பாடு மூன்றாவது வீதியில் திரும்பும்போது என் கேம் சத்தம் போடாமல் கடையை ஒரு கேள்வி கேட்கும்: இவர் காசு கொடுத்து வாங்கினவர்தானா? ஆமாம் என்று பதில் வந்தால் யானை அது பாட்டுக்கு நடக்கும். வராவிட்டால் தங்கப் பட்டம் கழன்று கீழே விழும். உள்ளே நாமம் தெரியும். இடது பாதி ஒரு கலை, வலது பாதி இன்னொரு கலை.

இரண்டு கலையாரில் ஒருத்தராலும் அதைச் சகித்துக்கொள்ள முடியாது, திருட்டு சிடியைத் தூக்கி எறிந்துவிட்டு ஒழுங்காக வாங்க வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். எழுதும்போது தனியாக உட்கார்ந்து சிரித்தேன் வேறு. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வெளியிட்ட ஒன்பதாம் நாள் பஸ் ஸ்டாண்டு எதிரே தேவேந்திரனுடைய சிடி கடையில் ‘வீதி உலா’ முப்பது ரூபாய்க்குத் தொங்கியது. யாரோ எங்கேயோ கம்பெனிக்காரன் பூட்டை உடைத்து இணையத்தில் போட்டுவிட்டான், இவன் சிடியில் ஏற்றிவிட்டான். அட்டையில் என் பெயரைக்கூடப் போட்டிருந்தான், அடப்பாவி.

“இன்னா மேடம், உங்க கேம் சும்மா பிச்சிக்கினு போவுது!” என்று சந்தோஷமாக வரவேற்றான். “போலீசுக்குப் போனா இந்தக் கடைய மூடுவாங்க. நெட்டுல கெடக்குதே, அத்த யாரு மூடறது?”

கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். “எல்லாருக்கும் நடக்கிறதுதான் மேடம். ரொம்ப இறுக்கிப் பூட்டினா வாங்கினவங்களுக்குத்தான் கஷ்டம். நாங்க கொஞ்சம் விட்டுத்தான் பிடிக்கணும்” என்றான். விட்டுப் பிடிக்கிறானாம். வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்தேன். என்னுடைய பூட்டு உள்ளே இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று தைரியம்.

அது நன்றாகவே பார்த்துக்கொண்டது. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு யானை நடந்தது. மூன்றாவது வீதியில் பட்டம் விழுந்தது. யாரும் சிடியை எறியவில்லை. ஒருவருக்கொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். இது திருட்டு சிடியின் வேலை என்று யாருக்குத் தெரியும்? பாச்சா பெண் வேண்டுமென்றே இரண்டு நாமத்தையும் கேலி செய்து வரைந்திருக்கிறாள் என்றுதான் பேச்சு. கருட சேவைக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது கோயிலில் கூட்டம் போட்டு, பாச்சா இந்த வருஷம் குடை பிடிக்க வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். அறுபது வருஷத்தில் முதல்முறையாக இரண்டு கலையாரும் ஒருமனதாகக் கையெழுத்துப் போட்ட தீர்மானம் அது.

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவர், “ஏம்மா, அன்னிக்குப் புறப்பாடு நடக்கறப்போ நான் எங்கே இருக்கணும்? ஆத்துக்குள்ளயா, வாசல்லயா?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நேரே தர்மகர்த்தா வேணுகோபால் வீட்டுக்குப் போனேன். பூட்டு, பட்டம், கேள்வி, பதில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“அப்போ இந்தத் தெருவே திருட்டு சிடி போட்டுப் பாக்கறதுங்கறே?”

“ஆமாம் மாமா.”

“எங்காத்துலயும்தான் பாத்தோம்.”

“அதுவும் பஸ் ஸ்டாண்டு சிடிதான் மாமா. முப்பது ரூபா.”

முகம் சிவந்துவிட்டது அவருக்கு. இதை இன்னும் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சாமர்த்தியம் பிறந்ததிலிருந்தே கிடையாது. கடைசியில், “சரி. உன் கம்ப்யூட்டர்ல காட்டாதே, அதுல நீ என்ன வேணா மாத்திடுவே. இந்த ஊர்ல காசு குடுத்து வாங்கினவா யாராவது இருந்தா ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்குக் கூட்டிண்டு வா. எல்லார் முன்னாடியும் நாலு வீதியும் ஓடட்டும். யானை ஒழுங்கா நடந்தா பாச்சாவே குடை பிடிக்கட்டும், நானே தீர்மானத்தைக் கிழிக்கறேன்” என்றார்.

ஓடிவந்து கம்பெனிக்காரனிடம் பட்டியல் கேட்டு வாங்கினேன். மொத்தம் நாற்பத்தொரு பேர் வாங்கியிருந்தார்கள். சிங்கப்பூர், நியூ ஜெர்சி, பெங்களூர், மைலாப்பூர். காஞ்சிபுரம் என்று ஒரே ஒரு பெயர்: அம்சவேணி, பிள்ளையார்பாளையம். பெருமாளே என்று கும்பிட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அம்சவேணிக்கு இருபத்தேழு வயது இருக்கும். நெசவுக் குடும்பம். சேலை பார்டருக்கு கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறவள். எதற்காகக் காசு கொடுத்து வாங்கினாய் என்று நானே கேட்டுவிட்டேன், அவ்வளவு ஆச்சரியம்.

“நானு ராவும் பகலும் குந்திக்கினு ஒரு டிசைனு போடறேன் மேடம். மூணாம் நாளு அத்தயே அடுத்த தெருவுல நெய்யறான். வயிறு எரியுது. நம்மள மாதிரிதான ஒர்த்தங்க இத்த செஞ்சிருப்பாங்கன்னு வாங்கினேன்” என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் தயங்கினாள். “நாங்க சிவன் கோயிலுக்குப் போறவங்க மேடம். அங்க அய்யருங்க மத்தியில நானு இன்னா பேசறது?”

“ஒண்ணும் பேச வேண்டாம். லேப்டாப்பைத் திறந்து விளையாடினா போதும். எங்கப்பாவுக்காக வாம்மா” என்றேன். வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மண்டபத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு லேப்டாப்பை வைத்தாள். பின்னால் முப்பது பேர். அப்பா தூண் ஓரமாகக் கைகட்டி நின்றார். மண்டபத்தில் இணையம் ஏது, ஒரு டெலிபோன்கூடக் கிடையாது. ஆனாலும் கேம் திறந்தது. கடை ஏற்கெனவே பார்த்துச் சரி சொன்ன கம்ப்யூட்டரென்றால் ஒரு வாரம் வரைக்கும் கேட்காமலே திறக்க விடுவார்கள். எனக்குப் போன உயிர் வந்தது. அம்சவேணி அற்புதமாக விளையாடினாள். லாரியை ஒதுக்கினாள், கம்பியைத் தூக்கினாள். முதல் வீதி முடிந்தது. தங்கப் பட்டம் மின்ன யானை ஆடி ஆடி நடந்தது. “பேஷ்” என்று யாரோ சொன்னார்கள். வேணுகோபால்கூட முன்னால் குனிந்து பார்த்தார். அப்பா முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

இரண்டாவது வீதியின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. கம்பெனிக்காரன் பூட்டு ஒரு வாரம் பொறுக்கும். என்னுடையது பொறுக்காது. என் மாடியறையில் இருபத்துநாலு மணி நேரமும் இணையம் இருந்தது, அதை வைத்துக்கொண்டே ஒரு வருஷமும் எழுதினேன், அதை வைத்துக்கொண்டே சோதித்தேன். இணையமே இல்லாமல் ஒருத்தர் நேர்மையாக விளையாடுவார் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. பதில் வராவிட்டால் திருட்டு, அவ்வளவுதான், அப்படித்தான் எழுதியிருந்தேன்.

“போதும் மாமா! அதான் பாத்தாச்சே!” என்று கத்தினேன்.

“நாலு வீதியும்னு சொன்னேனே” என்றார் வேணுகோபால்.

“அம்சவேணி, நிறுத்து! மூடிடு!” லேப்டாப் மீது கை வைக்கப் போனேன். “கையை எடும்மா” என்று நாலைந்து குரல்கள் எழுந்தன. அவள் ஒன்றும் புரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் விரல் அழுத்தியபடியே இருந்தது. யானை மூன்றாவது வீதியில் திரும்பியது. பட்டம் கழன்று விழுந்தது.

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். “இதுவும் பஸ் ஸ்டாண்டு சரக்குதான்” என்று ஒருத்தர் சிரித்தார். அம்சவேணி எழுந்துவிட்டாள்.  பையிலிருந்து பணம் கட்டிய ரசீதை எடுத்து ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் நீட்டினாள். “சாமி சத்தியமா காசு குடுத்து வாங்கினதுங்க. எங்க வூட்டுல இப்டி வரலீங்க. மேடம், நீங்களாவது சொல்லுங்க மேடம், நானு திருடி இல்லன்னு.”

“அவ மேல ஒரு தப்பும் இல்லை! பதில் வராட்டா திருட்டுன்னு எழுதினது நான்தான்! என் தப்பு!” என்று தொண்டை கிழியச் சொன்னேன். “நாலு வீடு தள்ளி எங்காம். அங்கே நெட் இருக்கு. இப்பவே வாங்கோ, காட்டறேன்.”

“உன் ஆம், உன் நெட்டு, உன் கேமு. நாங்க என்னத்தைக் கண்டோம்?” என்றார் வேணுகோபால். “இன்னிக்கு ஒரு காரணம், நாளைக்கு ஒரு காரணம்.” தடாலென்று அவர் காலில் விழுந்தேன். என்னை வேண்டுமானால் இந்தத் தெருவை விட்டே தள்ளி வையுங்கள், குடையை மட்டும் அப்பாவிடமிருந்து வாங்காதீர்கள் என்று அழுதேன். என் ஜென்மத்தில் நான் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் காலை நகர்த்திக்கொண்டார். அப்பாதான் வந்து தூக்கினார். “எழுந்திரும்மா. அந்தப் பொண்ணுக்கு முதல்ல ஒரு வாய் தீர்த்தம் குடு, பாவம், நடுங்கறா” என்றார்.

அந்தப் பூட்டை அன்றைக்கே பிடுங்கி எறிந்தேன். யாருக்கு என்ன லாபம்? ஊரில் ஓடுவதெல்லாம் பழைய சிடி.

கருட சேவையன்று காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா குளித்து, பஞ்சகச்சம் கட்டி, நாமம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். பெருமாள் கருடன் மேல் வந்தார். தர்மகர்த்தாவின் மருமகன் குடை பிடித்துக்கொண்டு வந்தான். நல்ல பிள்ளைதான், ஆனால் பழக்கமில்லை. குடையை நேராகத் தூக்கிப் பிடித்திருந்தான். கிழக்கு வெயில் அப்படியே பெருமாள் முகத்தில் விழுந்தது.

அப்பா முதலில் வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு சத்தமாகவே, “குடையைக் கிழக்கே சாய்ங்கோ! திருமுகத்துல வெயில் படறது!” என்றார். நாதஸ்வரச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. இன்னொரு முறை கத்தினார். வலது கையைத் தூக்கி, இப்படி, இப்படி என்று சாய்த்துக் காட்டிக்கொண்டே படி இறங்கித் தெருவுக்குள் போனார். நேற்று வரைக்கும் அவர் காலில் விழுந்து சேவித்த பிள்ளைகள் இரண்டு பேர் கூட்டத்தை ஒதுக்கக் கயிறு பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவன் அவர் மார்பில் கையை வைத்து, “மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ” என்றான்.

அப்பா தள்ளி நின்றார்.