உடையவள் தூங்க மாட்டாள்

முனீஸ்வரி டீச்சருக்கு வாய் கொஞ்சம் தாராளம். அரைக் கரண்டி பேச வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி பேசிவிடுவார். பசுமலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சோழவந்தானைத் தாண்டி இருக்கிற ஒரு ஊருக்கு வந்து நாலாம் வகுப்பை மேய்க்கிறவருக்கு வாயும் இல்லையென்றால் பிழைப்பு ஓடுமா? ஆனால் தவளை தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. டீச்சர் கெட்டதும் ஒரே ஒரு வாக்கியத்தால்தான்.

ஆடி மாதம் அது. வகுப்பில் தினமும் பென்சில் காணோம், ரப்பர் காணோம் என்று பஞ்சாயத்து. டீச்சர் ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வராந்தா ஜன்னல் திட்டில் வைத்தார். அடுத்தவர் பொருள் கையில் இருந்தால் அதில் போட்டுவிட வேண்டும், யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது. நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது? அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பொருளுக்கு உடையவங்க இருக்காங்கள்ல, அது அவங்க கைக்குத் திரும்பி வர்ற வரைக்கும் ராத்திரி தூங்கவே மாட்டாங்க. பாவம், முழிச்சுக்கிட்டே கெடப்பாங்க" என்று ஒரு போடு போட்டார்.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மறுநாளே டின் நிரம்பிவிட்டது. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வாக்கியத்தையே சார்ட்டில் பெரிதாக எழுதி, சுற்றிலும் பூ வரைந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஐப்பசி மழையில் பாண்டிமீனா செத்துப்போனாள்.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே போய்விட்டது பிள்ளை. எப்போதும் ரப்பரைக் கடித்துக்கொண்டே இருக்கும், கடித்த வாயோடு சிரிக்கும். ஒரு கால் கொலுசில்தான் மணி இருக்கும், இன்னொரு கொலுசில் நீலக் கல். அதனால் அது நடந்துவந்தால் ஒற்றைக் கால் மட்டும் சத்தம் போடும். ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். டீச்சர் துக்கம் கேட்டுவிட்டு வந்து, பஸ்ஸில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

தலைமையாசிரியர் சிவக்குமார் சார் மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார். "பிள்ளைக மனசு கெட்டுப்போகும். அந்தப் பேச்சையே எடுக்காதீங்க டீச்சர். ரெண்டு நாள்ல மறந்திருவாங்க." மீனா வரைந்து சுவரில் ஒட்டியிருந்த மயில் படத்தை அவரே உரித்து எடுத்தார். டீச்சருக்கும் அது சரியென்றே பட்டது. வாய் தாராளமான மனுஷி, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டார்.

மழை விட்ட வாரத்தில் டின்னில் ஒரு சிவப்பு ரிப்பன் கிடந்தது. யாருடையது என்று தூக்கிக் காட்டினார் டீச்சர். கடைசியில் சித்தார்த்தான் எழுந்து, "டீச்சர், அது மீனாவோடது" என்றான். ரிப்பன் நுனியில் பேனா மையால் மீ என்று எழுதியிருந்தது.

யாரோ எப்போதோ எடுத்ததை இப்போது போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று டீச்சர் மனசைத் தேற்றிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து ரப்பர் வந்தது. பல் தடம் பதிந்த ரப்பர். அதைக் கையில் எடுத்தவர் சட்டென்று டின்னிலேயே திரும்பப் போட்டார். அடுத்து வந்தது தலை கிளிப். பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்குத் தனியாகப் போவதை விட்டார்கள். ஜன்னல் பக்கம் உட்கார ஆளில்லை. வீட்டில் கேட்டு வாங்கிவந்த திருநீற்றை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தார்கள்.

"அவ தூங்கல டீச்சர், தேடிக்கிட்டே இருக்கா. நீங்கதான சொன்னீங்க" என்றான் சித்தார்த். அவன் குறும்புக்குச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னான்.

சிவக்குமார் சார் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டீங்க. டின்னைத் தூக்கிக் கண்மாயில எறிஞ்சுட்டு வேலையப் பாருங்க" என்றார். ஆனால் அவரும் அன்றைக்கு நாலு மணிக்கெல்லாம் வண்டியைக் கிளப்பிவிட்டார். வழக்கமாக ஐந்து வரை உட்கார்ந்திருக்கிற மனுஷர்.

டீச்சருக்கு அதைவிடப் பெரிய கவலை பவதாரிணி. மீனாவின் ஜோடிப் பிள்ளை அவள்தான். இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வருவார்கள், சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒன்றாய்த்தான் கழுவுவார்கள். இப்போது அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்து, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. வகுப்பில் தூங்கி விழுகிறாள். தூங்கியவள் திடுக்கென்று விழித்துக் காலைத் தடவிப் பார்க்கிறாள். கையெல்லாம் கீறல். எங்கே போய் முள்ளில் விழுந்தாய் என்று டீச்சர் அதட்டியதற்குத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மா முனியாயி பள்ளிக்கே வந்து அழுதார்.

"பயந்த கோளாறு டீச்சர். கருப்பசாமி கோயில்ல துன்னூறு போட்டாச்சு, பள்ளிவாசல்ல ஓதியாச்சு, கறுப்புக் கயிறும் கட்டியாச்சு. பொட்டுத் தூக்கம் இல்ல. ரெண்டு வாய்க்கு மேல எறங்க மாட்டேங்குது. செத்த பிள்ளை இவளையும் கூப்பிடுதோ என்னமோ. இருக்கறது ஒத்தப் பிள்ளை எனக்கு."

ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இன்னொன்றையும் வாரிக் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு கரும்பலகை முன்னால் நிற்பது? அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடைசி மணி அடித்து எல்லோரும் போன பிறகும் அவர் பஸ்ஸுக்குக் கிளம்பவில்லை. வகுப்பில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

மழை மூட்டத்தில் வெளிச்சம் மங்கியது. வராந்தா கோடியில் சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம். ஒரு கால் ஒலித்தது, மறு கால் ஒலிக்கவில்லை. மறுபடி ஒரு கால். மீனாவின் நடையேதான். இத்தனை மாதம் கேட்டுப் பழகிய நடை அவருக்குத் தெரியாதா? முருகா, முருகா என்று உதடு தன்னால் முணுமுணுத்தது. டின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

எப்படித்தான் எழுந்தாரோ, எழுந்து போய்ப் பார்த்தார். ஜன்னல் திட்டருகில் பவதாரிணி நின்றிருந்தாள். கையில் நீலக் கல் கொலுசு ஒன்று தொங்கியது. அவள் இடது காலில் மணிக் கொலுசு இருந்தது. வலது கால் வெறுமையாக இருந்தது.

டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கொலுசை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இவளுக்கும் ஒற்றைக் கால் சத்தம்தான், அவளுக்கும் ஒற்றைக் கால் சத்தம்தான். கைகோத்துச் சேர்ந்து நடந்தபோது இவள் சத்தம் மீனாவின் சத்தத்தோடு கலந்துபோனது, மீனா போன பிறகு பிள்ளைகள் கூட்டமாகவே நடந்ததில் இவள் சத்தம் தனியாக யார் காதிலும் விழவில்லை.

"ஏன் ஆத்தா, இதை எல்லாம் நீதான் போட்டியா? மீனா வந்து கேப்பானு பயந்துக்கிட்டா?"

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. "மீனா என்னைய ஒண்ணும் செய்ய மாட்டா டீச்சர். அவளோடது அம்புட்டையும் குடுத்துட்டா, அவ என்னோடதக் குடுத்துருவால்ல. என்னோட மணிக் கொலுசு அவ கால்ல இருக்கு."

"அதுக்கென்னடா இப்ப?"

"உடையவங்க தூங்க மாட்டாங்கனு சொன்னீங்கள்ல. உடையவ நான்தான் டீச்சர். எனக்குத்தான் தூக்கம் வரல."

பவதாரிணி கையை நீட்டிக் காட்டினாள். "ஆத்தங்கரைக்குப் போனேன். மேல முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க. தோண்டிப் பாத்தேன், கையால முடியல."

அந்தக் கீறல்களை அதட்டின வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? டீச்சர் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். பிறகு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு நேராக மீனா வீட்டுக்கு நடந்தார். வழியில் முனியாயியின் வீட்டில் எட்டிப் பார்த்து, பிள்ளை தன்னோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மீனாவின் அம்மா மலையம்மாள் வெற்றிலைக் கொடிக்கால் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை என்பதால் விளக்கு ஏற்றியிருந்தாள். விட்டத்தில் ஒரு ஓலைப்பெட்டி தொங்கியது, அதில் பூச்சரம் சுற்றியிருந்தது. கன்னியாகச் செத்த பிள்ளையை அந்தப் பக்கத்தில் வீட்டுச் சாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். புதுப் பாவாடை சட்டை, வளையல், கண்ணாடி, சீப்பு எல்லாம் பெட்டியில் வைத்து வருஷா வருஷம் மாற்றுவார்கள்.

டீச்சர் மெல்லக் கொலுசு விஷயத்தைச் சொன்னார். மலையம்மாள் முகம் இறுகியது.

"அது மண்ணுக்குள்ள இல்ல டீச்சர். குளிப்பாட்டயில கழட்டிட்டோம். ரெண்டும் பெட்டிக்குள்ள இருக்கு. கன்னிக்குனு வச்சுக் கும்பிட்டாச்சு. சாமிக்கு வச்சத எடுக்கறதா?" என்றாள். சொன்னவள் பவதாரிணியின் காலைப் பார்த்தாள். பார்த்ததும் அண்ணாந்து பெட்டியைப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் கால் பொருளைச் செத்த பிள்ளையின் பெட்டியில் வைத்து, வாரா வாரம் விளக்கேற்றிக் கூப்பிட்டிருக்கிறாள். உயிரோடு இருக்கிறவளையும் செத்தவளோடு சேர வரச் சொல்கிற காரியம் அது என்று அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவதாரிணி நீலக் கல் கொலுசை விளக்கு முன்னால் வைத்தாள். மேலே பெட்டியைப் பார்த்து, "மீனா, இந்தா உன்னோடது. என்னோடதக் குடுத்துரு. நான் தூங்கணும்" என்றாள்.

மலையம்மாள் உடைந்துபோனாள். "ஒண்ணத் தொலைச்சுப்புட்டு, எங்கிட்டோ கெடந்ததை எடுத்து மாட்டிக்கிட்டுத் திரியிறானு வஞ்சேன் டீச்சர். காய்ச்சல் வந்த அன்னைக்குங்கூட அதுக்குத்தான் வஞ்சேன். தொலைக்கலம்மா, தொலைக்கலம்மான்னுச்சு. நான் நம்பல." சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து, பெட்டியை இறக்கி, மணிக் கொலுசை எடுத்தாள். அந்த இடத்தில் நீலக் கல் கொலுசை வைத்து ஜோடி சேர்த்தாள். பவதாரிணியின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தானே திருகு பூட்டிவிட்டாள். வெறுங்கால் மண்ணெல்லாம் சேலையில் ஒட்டியதை அவள் தட்டிவிடவில்லை.

பிள்ளை இரண்டு காலையும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தது. அப்படியே சிமெண்டுத் தரையில் சரிந்து படுத்தது. டீச்சர் எழுப்பப் போனபோது மூச்சு சீராகிவிட்டிருந்தது. எத்தனை நாள் தூக்கமோ, வாயில் எச்சில் வடியத் தூங்கியது.

"கெடக்கட்டும் டீச்சர், எழுப்பாதீக. தூங்கட்டும்" என்றாள் மலையம்மாள். ஒரு துணியை மடித்துத் தலைக்கு வைத்தாள். பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"பொருள் திரும்பி வர்ற வரைக்கும் உடையவங்க தூங்க மாட்டாகனு நீங்கதான் சொல்லிக்குடுத்தீகளாமே. மீனாவுக்கு உடையவ நான்தான் டீச்சர். நான் எப்பத் தூங்குறது?"

முனீஸ்வரி டீச்சர் திறந்த வாயை மூடிக்கொண்டார். மலையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் பிடிக்க வேண்டிய பஸ் மெயின்ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

பவதாரிணி தூக்கத்தில் புரண்டாள். ஒரு கால் மட்டும் அசைந்து மணி ஒலித்தது. மலையம்மாள் சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரும் திரும்பிப் பார்த்தார்.