எண்ணெய் கலக்காத ரெண்டு லிட்டர்

ஹாலில் டீப்பாய் கிடந்த இடத்தில் இரண்டு மாதமாக ஜாவா பைக்கின் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. கீழே பழைய செய்தித்தாள், அதன்மேல் சாக்கு, சாக்கின் மேல் இன்ஜின். சுற்றிலும் தயிர் டப்பாக்கள், ஊறுகாய் பாட்டில்கள், யாரோ கொடுத்த ஸ்வீட் பெட்டிகள். எல்லாவற்றிலும் நட்டும் போல்ட்டும் வாஷரும். ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'கிளட்ச் பக்க மூடி ஸ்க்ரூ 5. கழற்றியது ஞாயிறு காலை.' 'கார்புரேட்டர் நட் 2. மண்ணெண்ணெயில் கழுவியாச்சு.' சக்கரவர்த்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த ஒழுங்கைப் பார்த்து அதிசயப்பட்டுவிட்டுப் போனார்கள். அவர் மனைவி தனம் மட்டும் அந்தச் சீட்டுகள் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதே இன்ஜினை மூன்று தடவை பிரித்து மாட்டிய மனுஷன் அவர். ஒரு தடவைகூட ஒரு சீட்டும் எழுதியதில்லை.

அந்தக் காலத்து ஜாவாவுக்கு வெறும் பெட்ரோல் போதாது. லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து எண்ணெயும் கலக்க வேண்டும். கலக்காமல் ஓட்டினால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். ஆவணிப் பௌர்ணமிக்கு மறுநாள் அதுதான் நடந்தது. செங்கத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர் பாதி தூரம் போவதற்குள், பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி ரோட்டோரமாக இழுத்துப் போட்டது. முழங்கையில் சிராய்ப்பு. வேட்டியில் கிழிசல். வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வந்தவர் முதல் வேலையாக டேங்கைத் திறந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். எண்ணெய் கலந்திருந்தால் லேசாகப் பச்சை தெரியும். டம்ளரில் இருந்ததோ தண்ணீர் மாதிரி தெளிந்து கிடந்தது.

"எண்ணெய் ஊத்த மறந்துட்டிருக்கேன் தனம்" என்றார். டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அந்த நிமிஷமே தனத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இதுதான். பௌர்ணமியன்று அவர் ஆபீசுக்குப் போன பிறகு, தனம் தன் ஸ்கூட்டியில் கீழ்பென்னாத்தூருக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்கூட்டியில் பெட்ரோல் இல்லை. கிரிவலக் கூட்டத்தில் பெட்ரோல் பங்குகளில் எல்லாம் நூறு வண்டி வரிசை. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வீட்டில் ஜாவா நின்றுகொண்டிருந்தது. மீன் தொட்டியின் டியூபை டேங்குக்குள் விட்டு, வாயால் உறிஞ்சி, இருந்த ரெண்டு லிட்டரையும் ஸ்கூட்டிக்கு மாற்றிக்கொண்டாள். திரும்பி வரும்போது கீழ்பென்னாத்தூர் பங்கில் ஒரு கேனில் ரெண்டு லிட்டர் வாங்கி வந்து, எடுத்த இடத்தில் ஊற்றிவைத்தாள். எடுத்ததைத் திருப்பி வைத்தாயிற்று என்று நிம்மதியாகச் சமையலுக்குப் போய்விட்டாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷமாக அவர் எண்ணெய் கலப்பதைப் பார்த்தவள்தான். ஆனால் அவசரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? பெட்ரோல் பெட்ரோல்தானே என்று நினைத்துவிட்டாள்.

இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கீழ்பென்னாத்தூருக்கு எதற்குப் போனாய் என்று கேட்பார். அங்கே இருப்பது அவள் அண்ணன் முருகவேல். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விசேஷத்தில், நினைவு தப்பிப்போன சக்கரவர்த்தியின் அப்பாவைப் பார்த்து, "மாமா, இது யாரு வீடுன்னாச்சும் தெரியுதா?" என்று பந்தி நடுவில் கேட்டுச் சிரித்தவன். அந்த அப்பாவை ஆறு வருஷம் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மகன் பெயரையே மறந்துபோனவரை "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே அனுப்பி வைத்தவர் சக்கரவர்த்தி. அந்தப் பந்தியோடு அந்த வீட்டு வாசல் மிதிப்பதில்லை என்று முடிவு. தனமும் தலையாட்டியிருந்தாள். அண்ணன் மகள் அபிநயாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேட்டதும் அத்தை மனசு நிற்கவில்லை. போய்விட்டாள்.

முதலில் அவர் மனசு ஆறட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்குள் அவர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

முதலில் டப்பாக்களுக்கு. அப்புறம் பீரோவுக்கு. அப்புறம் சட்டைப் பைக்கு. ஏடிஎம் கார்டை அவளிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கோ, நம்பர் மாத்திப் போட்டுடப் போறேன்" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெயர் வாயில் வராவிட்டால் முகம் வெளிறிப்போகும். யாருக்குத்தான் ஒரு பெயர் மறப்பதில்லை?

தனம் ஒரு தடவை, "டாக்டர்கிட்ட ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாங்க" என்றாள். அவரை நினைத்து அல்ல. டாக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் தான் சொல்ல வேண்டியிருக்காதே என்ற நப்பாசையில். சொன்ன பிறகு தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்பாவுக்கும் முதல்ல ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க" என்று அவர் முடித்துவிட்டார்.

லேத் பட்டறை வைத்திருக்கும் தருமன் சிலிண்டரைக் கடைந்து கொடுத்தான். அதற்குப் பொருத்தமான பிஸ்டன் சென்னையில் அலைந்து கிடைத்தது. அது வந்த சனிக்கிழமை சாயங்காலம், காபி டம்ளரோடு ஒரு காகிதத்தையும் மேஜையில் வைத்தார். விருப்ப ஓய்வுக் கடிதம்.

"திங்கக்கிழமை குடுத்துடறேன். அடுத்தவங்க பென்ஷன் ஃபைல்ல கையெழுத்துப் போடற வேலை. ஒரு நம்பர் மாறினா ஒரு குடும்பம் அலையும். நல்லா இருக்கும்போதே விலகிடணும் தனம். ஜாவாவையும் ஓட வச்சு வித்துடலாம்."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது ஹாலில் இருந்து குரல் வந்தது.

"தனம், கொஞ்சம் வா. கையக் கழுவிட்டு வா, மாவோட வந்துடாத."

"மாவு பட்டா உங்க வண்டி இட்லியா சுடப்போவுது?"

"சிலிண்டர் இறக்கணும். ஒருத்தன் கையால ஆவாது."

இன்ஜினின் நடுவில் புதுப் பிஸ்டன் பளபளவென்று நின்றது. அதைக் கீழிருந்து தாங்கும் கம்பியோடு சேர்க்கும் பின்னின் இரண்டு முனையிலும் குண்டூசி கனத்தில் ஒவ்வொரு கிளிப். அது இல்லாவிட்டால் பின் நகர்ந்து சிலிண்டரையே கிழித்துவிடும்.

"இந்தப் பக்கம் கிளிப் இருக்கா பாரு."

"இருக்குங்க."

"அந்தப் பக்கம்?"

"இருக்குங்க. ரெண்டும் இருக்கு."

"நான்தானே மாட்டினேன்?"

"இல்ல, எதிர்வீட்டு மணியம்மாள் வந்து மாட்டிட்டுப் போனாங்க."

அவர் சிரிக்கவில்லை. பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டினது ஞாபகம் இருக்கு தனம். ஆனா அன்னைக்கு எண்ணெய் ஊத்தினதுகூடத்தான் ஞாபகம் இருக்கு. மூடியில அளந்தது, கையில வழிஞ்சது, பேண்ட்ல துடைச்சது, அதுக்கு நீ திட்டினது, எல்லாம் இருக்கு. ஆனா டேங்குல எண்ணெயே இல்ல. மறந்து போறதுகூடப் பரவால்ல. நடக்காததெல்லாம் ஞாபகம் வருது பாரு, அதான் பயமா இருக்கு."

 பேண்ட்டில் துடைத்ததற்குத் திட்டியது தனத்துக்கும் ஞாபகம் இருந்தது. பழைய கறைகளோடு கறையாக, சோப்பு போட்டும் அது போகாத அந்தப் பேண்ட் இன்னும் கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"சரி, பிஸ்டனச் சுத்தி இருக்கற இந்த ரிங்க ரெண்டு பக்கமும் விரலால அமுக்கிப் புடி. நான் மேல இருந்து இறக்கறேன். வுட்டுடாத, ஒடிஞ்சிடும்."

அவர் சிலிண்டரை இரண்டு கையாலும் ஏந்தி மெல்ல இறக்கினார். முதல் ரிங் உள்ளே போனது. அவள் விரல்கள் இரண்டாவது ரிங்குக்கு இறங்கின. அவர் தலை அவள் தலைக்கு நேரெதிரே, மூச்சு படும் தூரத்தில் இருந்தது.

"நீங்க ஊத்தினீங்க" என்றாள் தனம்.

"என்ன?"

"எண்ணெய். நீங்க ஊத்தினீங்க. அளந்து ஊத்தினீங்க, பேண்ட்ல துடைச்சீங்க, நான் திட்டினேன். எல்லாம் நடந்துச்சு. அந்தப் பெட்ரோல நான் எடுத்துட்டேன். அப்புறம் வெறும் பெட்ரோல் வாங்கி ஊத்தி வச்சுட்டேன்."

சிலிண்டர் பாதியிலேயே நின்றது. தனத்தின் விரல் நகர்ந்தது.

"கைய எடுக்காத" என்றார்.

அவள் எடுக்கவில்லை. எடுத்தால் ரிங் ஒடியும். அவரும் விட முடியாது, விட்டால் அவள் விரல் நசுங்கும். அந்த நிலையிலேயே மிச்சத்தையும் சொல்லி முடித்தாள். கீழ்பென்னாத்தூர், அபிநயா, குழந்தை.

"முருகவேல் வீட்டுக்கு."

"ஆமாங்க."

அவர் சிலிண்டரை அழுத்தினார். இரண்டாவது ரிங்கும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சிலிண்டர் அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. துணியை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எத்தினி லிட்டர்?"

"ரெண்டு."

"எதால எடுத்த?"

"மீன் தொட்டி டியூபால."

"வாய் வச்சா?"

"ம். ரெண்டு நாள் வாயெல்லாம் நாறுச்சு."

அவர் உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிப்புதான் வருகிறது என்று தனம் ஒரு கணம் நம்பினாள்.

"வண்டி நின்ன அன்னைக்கு ராத்திரி உன் பக்கத்துல படுத்தப்போ பெட்ரோல் வாசம் அடிச்சுது" என்றார். "எழுந்து வீடெல்லாம் தேடிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. மூக்கும் போயிடுச்சு போலன்னு நினைச்சுட்டேன்."

தனம் தலை குனிந்தாள்.

"உங்கண்ணன் வீட்டுக்குப் போனதுக்கு நான் என்ன பண்ணியிருப்பேன்? ஒரு நாள் கத்தியிருப்பேன். ரெண்டு நாள் சாப்பிடாம இருந்திருப்பேன். அவ்ளோதானே?"

"அவ்ளோதாங்க."

"ரெண்டு மாசம் தனம். நான் சீட்டு எழுதிட்டு இருந்தேன். நீ அதை ஒட்டறதுக்குப் பசை எடுத்துக் குடுத்த."

 அழுதாலும் அது அவரிடம் ஆறுதல் கேட்பது மாதிரி ஆகிவிடும் என்று தனத்துக்குத் தோன்றியது. சமையலறைக்குப் போய் மாவுப் பாத்திரத்தின் முன் நின்றாள். ஹாலில் ஸ்பேனர் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது. அன்று முழுவதும் அவர் அவளைக் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். தனம் கேட்கவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.  மத்தியானம் போனை எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள், வைத்தாள், கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வேங்கிக்கால் பஸ்ஸில் வந்து இறங்கியவர், செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்.

"குடுக்கல."

அவள் காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தாள்.

"எங்க வீட்டுக்காரி பெட்ரோல் திருடிட்டா, அதனால நான் இன்னும் நாலு வருஷம் வேலை பாக்கணும்னு ஆபீசர்கிட்ட சொல்ல முடியுமா? நானே கிழிச்சுப் போட்டுட்டேன்." காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார். "என் தலைய நம்பலாம்னு ஆயிடுச்சு. இனிமே உன்ன நம்பறதுக்குத்தான் கொஞ்ச நாள் ஆவும்."

"ஆவட்டுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஜாவா நாலாவது உதையில் பற்றிக்கொண்டது. தெருவே எட்டிப் பார்க்கும் அளவுக்குப் புகை. விற்றுவிடும் பேச்சை அவர் எடுக்கவில்லை. புதுப் பிஸ்டன், ஐந்நூறு கிலோமீட்டர் போகும்வரை நாற்பதைத் தாண்டக் கூடாது, மெல்ல மெல்லத்தான் பழக்க வேண்டும் என்றார். யாரிடம் சொல்கிறார் என்று பார்க்காமல் சொன்னார். பிறகு, "கெளம்பு, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்றார்.

தனம் அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டு, வண்டி வரை நடந்தவர், நின்றார். திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"பூட்டிட்டீங்க. நான் பாத்தேன்" என்றாள் தனம்.

சக்கரவர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தச் சொல்லே போதும், ஏறி உட்கார்ந்திருப்பார். இப்போது அவர் கண்ணில் ஒரு யோசனை ஓடியது. பிறகு நாலு எட்டு திரும்ப நடந்துபோய், பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

 அவர் ஏறி உட்காரும் வரை, தனம் வண்டி சாயாமல் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றாள்.