பச்சைக் கோட்டு அம்மாவின் கேள்வி

முதல் கேள்வியை எவரும் கேட்கமாட்டார்கள். எந்த ஊர் மியூசியமானாலும் இதே கதைதான். பேச்சு முடியும், விளக்குகள் எரியும், "கேள்வி ஏதாவது இருந்தா கேக்கலாம்" என்பார் பேசியவர். உடனே அத்தனை பேரும் தங்கள் பூட்ஸைக் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் துணிந்து ஆரம்பித்துவிட்டால் போதும், அப்புறம் யார் வாயையும் மூட முடியாது. அந்த ஒருவர் நான்தான். என் கணவர் ஆர்வில் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து முதல் கேள்வி கேட்பது என் வேலை. சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

முழுப் பெயர் ஆர்வில் லுண்ட். எங்கள் ஊர் துலூத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலக்கியம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குளிர்காலம் வந்தால் வியாழக்கிழமை மதியங்களில் மியூசியத்தில் பேசுவார். எந்த ஓவியர் எந்தக் கதையைப் படித்துவிட்டு வரைந்தார், எந்த எழுத்தாளர் எந்தப் படத்தின் முன்னால் நின்று அழுதார், யார் யாரிடம் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டே போனார், இதெல்லாம்தான் அவருடைய சரக்கு. நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே சாப்பாட்டை எத்தனை வருஷம் சாப்பிடுவது? அவர் எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

போன வருஷத்திலிருந்து அவருக்கு ஞாபகம் பிசகுகிறது. அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறார். எப்போதோ செத்துப்போன நாயை வெளியே விடுவதற்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார், வீடே ஜில்லிட்டுப் போகிறது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அந்தப் பெயரை வீட்டில் நாங்கள் சொல்வதில்லை. மேடை ஏறிவிட்டால் மட்டும் பழைய ஆர்வில் வந்துவிடுவார், தேதி தவறாது, பெயர் தவறாது. என்னையும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை. அந்த மட்டும் நிம்மதி.

ஆனால் போன மாதம் மேடையிலும் சறுக்கிவிட்டது. சொன்னதையே திரும்பச் சொன்னார். யாரோ ஒரு புண்ணியவான் புகார் செய்திருக்கிறார், நன்றாக இருக்கட்டும். மியூசியத்துப் பேச்சு நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொள்ளச் சிகாகோவிலிருந்து புதிதாக வந்திருக்கும் டெஸ்ஸா மரோனி என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸஸ் லுண்ட். இந்த வியாழக்கிழமை நானே வந்து உக்காந்து கேக்கறேன். கேட்டுட்டு அடுத்த குளிர்காலத்தைப் பத்தி முடிவு பண்ணலாம்."

ஆர்விலுக்கும் அது தெரியும். வியாழக்கிழமை காலை நான் கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கும்போது, மப்ளரைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு நிறுத்திடுவாளா வெர்னா?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? கார்ல ஏறுங்க."

"நிறுத்திட்டா நான் என்ன பண்ணுவேன் சொல்லு. ஜன்னல்கிட்ட உக்காந்து பனி விழறதைப் பாக்கவா?"

நான் கண்ணாடியின் மறுபக்கத்தைச் சுரண்டப் போனேன். நிறுத்திவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது. கேட்பவர்களிடம், நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவதற்குள் கௌரவமாக முடியட்டும் என்று சொல்லலாம். ஆனால் உள்ளே இருந்தது வெறும் களைப்பு. அவருக்குக் கோட்டு மாட்டி, படங்களை வரிசைப்படுத்தி, வழியெல்லாம் பேச்சை ஒப்பிக்க வைத்து, அப்புறம் ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுந்து கேள்வி வேறு கேட்கவேண்டும். போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

அரங்கத்தில் வழக்கமான கூட்டம்தான். எல்லாரும் நரைத்த தலை, ஈரக் கம்பளி வாடை. என் சிநேகிதி க்ளாரிஸ் ஓட்ஸ் பிஸ்கட் தட்டை மேஜையில் வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஏன்டி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க? இந்தப் பச்சைக் கோட்டை எப்பதான் தூக்கிப் போடுவ?"

"நான் செத்தப்புறம் நீ எடுத்துக்கோ. இப்ப பேசாம உக்காரு."

டெஸ்ஸா கடைசி வரிசையில் மடியில் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். விளக்கு அணைந்தது.

முதல் பாதி அருமையாகப் போனது. துறைமுகப் படங்களைக் காட்டினார், சிரிக்க வைத்தார், சரியான இடத்தில் இருமினார். பிறகு அந்தச் சமையலறைப் படம் திரையில் வந்தது. அமோஸ் டில் என்ற ஓவியர் வரைந்தது. கையில் துடைக்கும் துணியோடு ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் முன்னால் நிற்கிறாள், வெளியே ஏரி. டில் வீட்டு மாடியில் குடியிருந்த எழுத்தாளர் கோரா விட்லோ அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் தன் நாவலை எழுதினாள். ஆர்விலுக்கு உயிரான இடம் அது.

அங்கேதான் நின்றுபோனார்.

முந்தைய படத்துக்குப் போனார். மறுபடி இந்தப் படத்துக்கு வந்தார். கையிலிருந்த, படம் மாற்றும் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். கடைசி வரிசையில் டெஸ்ஸா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். நான் சும்மா இருந்தால் போதும், காலையில் நினைத்தது தானாக நடந்துவிடும். உட்கார்ந்திரு வெர்னா, வாயைத் திறக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். திருவிழாவில் அம்மாவின் கையைத் தவறவிட்ட பிள்ளையின் முகம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. எழுந்து நின்றேன்.

"நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். அந்தப் பொண்ணு யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கா?"

எப்போதும் கடைசியில் கேட்கிற கேள்விதான். கேட்டதும் அவர் தோள் நிமிர்ந்தது.

"நல்லாக் கேட்டீங்க! டில்லைக் கேட்டப்ப, யாருக்காகவும் இல்லை, அடுப்புல தண்ணி கொதிக்கட்டும்னு நிக்கறாள்னு சொன்னாரு. கோரா விட்லோ ஒத்துக்கலை. ஏரிக்குப் போன புருஷனுக்காகத்தான் நிக்கறாள்னு சொல்லி ஒரு நாவலே எழுதிட்டா. ரெண்டு பேரும் சண்டை போட்டுப் பேச்சையே விட்டுட்டாங்க. என்னைக் கேட்டா ரெண்டும் சரிதான். நாவல்னா ஒருநாள் அவன் வந்தே ஆகணும், இல்லைன்னா படிக்கறவங்க விடமாட்டாங்க. படத்துல யாரும் வரவே மாட்டாங்க. அவ நின்னுக்கிட்டேதான் இருப்பா."

அதன் பிறகு தங்குதடையில்லாமல் முடித்தார். கைதட்டினார்கள். விளக்கு எரிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார், எல்லாரும் குனிந்து பூட்ஸைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்த ஒரே கேள்வியை நான் முன்பே செலவழித்துவிட்டேன். அப்போது ஆர்வில் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்தப் பச்சைக் கோட்டு அம்மாவைப் பாருங்க. ஒவ்வொரு தடவையும் வந்து இதே கேள்வியைத்தான் கேக்கறாங்க. பாவம், ரொம்பக் களைச்சுப் போயிட்டாங்க. யாராவது அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

அரங்கமே வெடித்துச் சிரித்தது. க்ளாரிஸ் என் விலாவில் இடித்துக் கண்ணீர் வரச் சிரித்தாள். "மனுஷன் உன்னை எப்படி வாரிட்டாரு பாருடி!"

ஆர்வில் கிண்டல் செய்தால் இடது புருவம் மேலே போகும், அது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும். இன்று புருவம் அசையவில்லை. யாரோ ஒரு வயதான பெண்மணிக்காக அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சிரிப்பு எதற்கு என்று புரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

காப்பி மேஜைக்குப் பக்கத்தில் டெஸ்ஸா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பிரமாதம் மிஸஸ் லுண்ட்! நடுவுல அந்த மௌனம், நீங்க எழுந்து கேட்டது, கடைசியில அந்த ஜோக்... ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுத்தானே பண்ணீங்க? அடுத்த குளிர்காலத்துக்கும் அவர் பேரை இப்பவே போட்டுடறேன்."

சரி என்று சொல்லியிருக்கலாம். ஆர்வில் ஆசைப்பட்டதும் அதுதானே.

"அது ஜோக் இல்லம்மா. என்னை யாருன்னு அவருக்குத் தெரியலை."

அவள் முகத்திலிருந்த சிரிப்புக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. கையை மட்டும் விடவில்லை. "அப்போ... அடுத்த வருஷம்?"

"வேண்டாம். இன்னியோட போதும்."

காலையில் நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். சின்னப் பிள்ளை கையிலிருந்து சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கின மாதிரிதான் இருந்தது.

டெஸ்ஸா போன பிறகு ஆர்வில் என்னிடம் வந்தார். ஒரு கையில் காப்பி, இன்னொரு கையில் காகிதக் கைக்குட்டையில் மடித்த ஓட்ஸ் பிஸ்கட்.

"உக்காருங்கம்மா. எவ்வளவு நேரமா நிக்கறீங்க, கால் வலிக்கப் போவுது. இந்தாங்க, சாப்பிடுங்க."

உட்கார்ந்தேன். அவரும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. நடுவுல எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. நீங்க மட்டும் கேக்கலைன்னா இன்னைக்கு என் மானமே போயிருக்கும். அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?"

"வரேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவருக்குச் சந்தோஷம். காலை நீட்டிக்கொண்டு வாசல் கதவைப் பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"என் பொண்டாட்டி காரைக் கொண்டுவரப் போயிருக்கா. வெர்னான்னு பேரு. கொஞ்சம் கோவக்காரி, ஆனா வராம இருக்கமாட்டா. அவ வர்ற வரைக்கும் உங்ககூடப் பேசிக்கிட்டு இருக்கலாமா?"

"பேசுங்க" என்றேன். கார் சாவி என் கோட்டுப் பையில் இருந்தது.