அழுகண்ணிக்கு ஊட்டிய ட்வீசர்

வீட்டிலேயே அழகு நிலையம் நடத்தும் அவளுக்குப் பூச்சி என்றாலே குமட்டும். கட்டிக்கொண்டவனோ, பக்கத்துச் சதுப்பு நிலத்தில் முளைக்கும், பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடியைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வளர்த்தான். இலை முழுக்கச் சளி மாதிரிப் பிசின். ஒட்டிய கொசுக்கள் கரைந்துபோய்க் காலும் இறக்கையுமாகக் கிடக்கும். பார்த்துக்கொண்டே சோறு பொங்க வேண்டும், தலையெழுத்து.

அன்று காலை அவள் தன் புருவத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது கன்னத்தில் ஏதோ ஒட்டியது. எடுத்துப் பார்த்தால் ஈயின் கால். ட்வீசர் நுனியில் இன்னொன்று.

"என்னங்க, இத எதுக்குத் தொட்டீங்க?"

"கொஞ்ச நாளா அதுல பூச்சியே விழல. பாவம், நான்தான் ஈயப் புடிச்சு ஊட்டுறேன்."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும். நல்லா பிரஷ் போட்டுத் தேச்சுக் கழுவித்தாம்மா வைக்கிறேன்."

ஒரு மாதத்தில் அதே ட்வீசர் பட்ட கல்யாணப் பெண்களின் முகங்கள் வரிசையாகக் கண்முன் வந்தன. குளியலறைக்கு ஓடி வாந்தியெடுத்தாள். வாய் நாறியது. பல் தேய்க்கலாமென்று தன் பிரஷ்ஷை எடுத்தாள்.

நாருக்கு நடுவே ஓர் ஈயின் இறக்கை மினுங்கியது.