ஒன்பது சதவீதம்

அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டாலே மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடு போலத் தங்கிப் பயணம் செய்யும் அவர்கள் மோட்டார்ஹோமின் சமையல் மேடைக்கு மேலே, கழிவுத் தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்ட நாலு விளக்குகள். அதில் மூன்றாவது, வண்டி வாங்கிய நாளிலிருந்து அணையாவிளக்காக எரிந்துகொண்டிருந்தது. தொட்டியைத் திறந்துவிட்டு, கழுவி, சொட்டில்லாமல் வடித்த மறுநிமிடமும் 'முக்கால்வாசி' என்றே சாதித்தது.

அவள் கணவன் டுவேன் பார்க்காத வைத்தியம் இல்லை. தொட்டிக்குள் அளவு பார்க்கும் முனைகளில் அழுக்கு ஒட்டிக்கொண்டுதான் இப்படிக் காட்டுகிறது என்று யாரோ சொல்ல, மூட்டை மூட்டையாக ஐஸ் வாங்கிக் கழிப்பறைக்குள் கொட்டி, அது உருண்டு தேய்க்கட்டும் என்று குண்டும் குழியுமான சாலையாகத் தேடிப்போய் வண்டியை ஓட்டினான். பாத்திரம் கழுவும் சோப்பையும் பாட்டில் கணக்கில் ஊற்றினான். விளக்கு அசைந்து கொடுக்கவில்லை.

அதைவிடக் கொடுமை, அவன் அந்த விளக்கை நம்பியதுதான். பொய் சொல்கிறது என்று பகலெல்லாம் அதைத் திட்டுவான். அவள் கழிப்பறைக் கதவில் கை வைத்தால் போதும், "முக்கால் காட்டுது மார்லிஸ். ஒருவேளை இன்னிக்கு நெஜமா இருந்தா?" என்பான். வலிக்கும் முட்டியோடு, மழையில் குடை பிடித்துக்கொண்டு, வண்டிகள் தங்கும் முகாமின் பொதுக் கழிப்பறைக்கு நடந்தவள் அவள்தான்.

போன வருஷம் அந்த விளக்கு செய்த காரியத்தை அவளால் மன்னிக்கவே முடியவில்லை. வடக்கு டகோட்டாவின் மைனாட் ஆஸ்பத்திரியில் அவளோடு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஜனவரியானால் குவார்ட்சைட் பாலைவனத்தில் வண்டிகளை வட்டமாக நிறுத்தி இரண்டு வாரம் கூடியிருப்பார்கள். அங்கே குழாயும் கிடையாது, சாக்கடையும் கிடையாது. தொட்டி நிரம்பினால் கிளம்ப வேண்டியதுதான். அந்தத் தடவை பாதியிலேயே நாலாவது விளக்கும் எரிந்தது. டுவேன் பதறிப்போய் வண்டியைக் கிளப்பினான். ஊருக்குள் கழிவு கொட்டும் இடத்தில் வரிசையில் நின்று தொட்டியைத் திறந்தால் இரண்டு வாளிகூடத் தேறவில்லை. இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்றான். போய்விட்டார்கள்.

அந்த வசந்தத்தில்தான் ஆர்லீனுக்குப் புற்றுநோய் திரும்ப வந்தது. முப்பது வருஷம் ஒரே வார்டில் இரவுப்பணி பார்த்தவர்கள் அவளும் மார்லிஸும். வரும் ஜனவரிதான் தன் கடைசிப் பாலைவனம் என்று, கடைக்குப் போவதைச் சொல்வதுபோல, ஆர்லீன் போனில் சொன்னாள். போனை வைத்ததும் மார்லிஸ் டுவேனிடம் வந்தாள்.

"இந்தத் தடவை கூட்டம் கலையற வரைக்கும் நான் அவகூட இருக்கணும். தொட்டி வெடிச்சாலும் சரி."

டுவேன் அதைக் காதில் வாங்கிக்கொண்டான், தன் வழியில். தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டும் புதுவகை சென்சார் ஒன்றை வரவழைத்தான். அது விளக்கெல்லாம் காட்டாது, எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே காட்டும். டிசம்பர் முழுக்க யூமா என்ற ஊரில், கழிவுக் குழாய் இணைப்பு உள்ள இடத்தில் தங்கினார்கள். அங்கே தொட்டியின் வால்வை மாதம் பூராவும் திறந்தே வைத்தான். விழுவது விழ விழ ஓடிவிடும், பாலைவனத்துக்குக் காலித் தொட்டியோடு போகலாம் என்று அவனுக்கு ஒரே பெருமை.

குவார்ட்சைட்டில் எண் ஒன்பது சதவீதம் காட்டியது. காலையில் காப்பியோடு வானிலை அறிக்கை போல அதைப் படித்துச் சொல்வான். மார்லிஸ் யாரிடமும் கணக்குச் சொல்லாமல் தன் கழிப்பறையைத் தானே பயன்படுத்தினாள். மாலையில் ஆர்லீனின் நாற்காலிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கால் நீட்டி உட்கார்ந்தாள்.

வாரம் முடிவதற்குள் நாற்றம் கிளம்பியது. கழிப்பறைப் பெடலை மிதித்தால் தண்ணீர் இறங்காமல் நின்றது. மார்லிஸ் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தாள். நர்ஸ் வேலையில் அவள் பார்க்காதது இல்லை. இதைப் பார்த்ததில்லை. ஓட்டைக்கு நேர் கீழே ஒரு குன்று, உச்சி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"ஒன்பதுதானே காட்டுது," என்றான் டுவேன்.

"அது தண்ணிக் கணக்கு. மலை கணக்கில வரல."

திறந்த வால்வு வழியே ஒரு மாதமாகத் தண்ணீர் மட்டும் ஓடியிருக்கிறது. ஓடாததெல்லாம் விழுந்த இடத்திலேயே குவிந்து இறுகிவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த சென்சாருக்கு, தொட்டியின் நடுவில் நிற்பது எப்படித் தெரியும்? அதைப் பொய்யன் என்று திட்டக்கூட வழியில்லாததுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

டுவேன் வாசல் பாயைச் சுருட்டத் தொடங்கினான். ஊருக்குப் போய்த் தண்ணீர் நிரப்பி ஊறவைத்து அலசினால்தான் கரையும், இரண்டு மூன்று நாளாகும் என்றான். ஒருவேளை அதற்குமேலும் ஆகலாம் என்று இழுத்தான். அந்த 'ஒருவேளை' எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். வடக்கு டகோட்டாவில், அவர்கள் வீட்டு வாசலில்.

தலையணை, மாத்திரை டப்பா, பல் துலக்கி. மூன்றையும் அள்ளிக்கொண்டு அவள் இறங்கினாள்.

"நீ போய்ட்டு வா. நான் ஆர்லீன் வண்டியில இருக்கேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதை அளக்கவும் ஏதாவது வாங்கி வச்சிருக்கியா?"

வட்டத்தின் எதிர்ப்பக்கம்தான் ஆர்லீனின் வண்டி. நடந்து முடிப்பதற்குள் மார்லிஸுக்கு அழுகை வந்துவிட்டது. போன வருஷமும் இவ்வளவுதான் தூரம். ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு நடந்திருந்தால் போதும். ஒரு வருஷமாக விளக்கின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் டுவேன் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. உடம்பெல்லாம் சோப்பு வாசனை. வண்டியை நிறுத்தியவன் உள்ளேயும் வெளியேயுமாகக் கொஞ்சநேரம் அலைந்தான். பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஆர்லீனின் வாசலில் வந்து நின்றான்.

"ஆர்லீன், உன் கக்கூஸுக்குப் போய்க்கட்டுமா?"

"உன்னோடது என்ன ஆச்சு?"

"பூஜ்யம் காட்டுது."

"அப்புறம் என்ன?"

"நம்ப முடியல."

ஆர்லீன் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, மூச்சு வாங்கினாள். மார்லிஸ் அவள் முதுகைப் பிடித்துக்கொண்டாள். சட்டைக்குள் எலும்புகள்தான் கையில் தட்டின. டுவேனும் அதைப் பார்த்தான்.

கழிப்பறையிலிருந்து வெளியே வந்தவன், நம் வண்டிக்கு வருகிறாயா என்று மார்லிஸிடம் மெதுவாகக் கேட்டான். இல்லை, இவளோடுதான் என்றாள் மார்லிஸ். எத்தனை நாள் என்று அவன் கேட்கவில்லை. போய்த் தன் மடக்கு நாற்காலியை எடுத்துவந்து, ஆர்லீன் வாசலில் விரித்து உட்கார்ந்தான்.