கண்ணாஸ்பத்திரியில் குருட்டுக் கொக்கு

முபீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிதம்பரத்துக் கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில், எதிர்ச்சுவரில், அவள் வரைந்த படம் காலையில்தான் மாட்டப்பட்டிருந்தது. செம்மண்டலம் வீட்டில் கட்டிலுக்கடியில் நாற்பது படங்கள் கிடக்கின்றன. சுவர் ஏறிய முதல் படம் இதுதான். மகிழ வேண்டியவள், வருகிறவர் போகிறவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூர்மையான பார்வைக்கு அடையாளமா ஒரு பறவை வேணும். கழுகு வேணாம், பேஷண்ட் பயந்துடுவாங்க" என்று டாக்டர் ஸ்ரீமதி கேட்டிருந்தார். பிச்சாவரத்தில் மூன்று நாள் படகில் உட்கார்ந்து, சேற்றோரம் அசையாமல் மீனைக் குறிவைத்திருந்த பறவையைப் பார்த்து இறகு இறகாக வரைந்தாள் முபீனா. முடித்த பிறகு படகோட்டி இளவரசுவிடம் காட்டினால், அவன் சிரிக்கிறான்.

"அக்கா, இது குருட்டுக் கொக்காச்சே!"

ஆள் கிட்டே வரும்வரை பறக்காதாம். அதனால் கண் தெரியாது என்று ஊரே பேர் வைத்துவிட்டது.

கண்ணாஸ்பத்திரியில் குருட்டுக் கொக்கு! விளங்கிவிடும். டாக்டர் சென்னைக்காரர், அவருக்கு இந்தப் பேரெல்லாம் தெரியாது. முபீனா படத்தின் கீழே இங்கிலீஷ் பேரை ஒட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே?

அந்தக் கூடத்தில்தான் ஆபரேஷன் ஆனவர்களை பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்துக் கட்டு அவிழ்ப்பார்கள். முதலில் பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊரான கிள்ளையில் மீன் விற்கும் தங்கம்மாள். கட்டை அவிழ்த்த டாக்டர், நேராகச் சுவரைக் காட்டினார்.

"அங்க என்னம்மா தெரியுது?"

முபீனா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். யா அல்லாஹ், கொக்கு என்பதோடு நிறுத்தட்டும்.

தங்கம்மாள் கண்ணை இடுக்கினாள். "கொக்கு, டாக்டரம்மா. வெள்ளக் கொக்கு இல்ல. முதுகு மண்ணு கலரு, கழுத்துல கோடு கோடா... ஐயே, குருட்டுக் கொக்கு! கண்ணாஸ்பத்திரில இத யாரு மாட்டுனது?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்கு அதுதான் பேரா?"

"ஆமா மேடம். தெரிஞ்சும் சொல்லல. கழட்டிடுறேன்." முபீனா நாற்காலி மேல் ஏறிப் படத்தில் கை வைத்துவிட்டாள்.

"இறங்குங்க" என்றார் டாக்டர். "நேத்து வரைக்கும் இவங்களுக்கு என் விரலே தெரியல. இன்னைக்கு எந்தக் கொக்குன்னு சொல்றாங்க. படம் அங்கயே இருக்கட்டும்."

முபீனா இறங்கி, இங்கிலீஷ் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

டாக்டர் அடுத்திருந்த பெரியவரிடம் போனார். "ஐயா, அங்க என்ன..."

அவர் கண்கட்டை டாக்டர் இன்னும் தொடக்கூட இல்லை.

"குருட்டுக் கொக்கு!" என்றார் பெரியவர்.